அம்மாவின் படகு சாய்ந்த காரணம்

என் அம்மா பயணிகள் படகு ஓட்டினாள். இருபத்தாறு அடி நீள ஃபைபர் உடல், பதினான்கு இருக்கை, பின்னால் ஒற்றை எஞ்சின். ஏரியின் இந்தக் கரையில் சந்தை, அந்தக் கரையில் ஆஸ்பத்திரி, நடுவே இரண்டு கிலோமீட்டர் தண்ணீர். ஒரு நாளைக்குப் பதினோரு முறை போய்வருவாள். இருபத்திரண்டு வருடம். பூமியை ஏழு தடவை சுற்றிய தூரம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"ஏழு தடவையா? எனக்குத் தெரிஞ்சு ஆஸ்பத்திரியத் தாண்டி நான் எங்கயும் போகலையேடி," என்றாள்.

அப்பா தையல்காரர். தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை படகில் ஏறினாராம். பாதி வழியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் இங்கயே இறங்கிக்கவா?" என்று கேட்டாராம். "தாராளமா. இடுப்பளவுதான்," என்றாளாம் அம்மா. அந்த இடத்தில் ஆழம் நாற்பது அடி.

படகுத்துறை அலுவலகத்தில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு தாள் உண்டு. வருடத்துக்கு ஒரு வரி. வரியின் கடைசிக் கட்டம்: விபத்து, தவறு. எதுவும் இல்லையென்றால் ஒரு கோடு போடுவார்கள். அம்மாவின் தாளில் மேலிருந்து கீழ்வரை கோடுதான். வேறு எதைப் பற்றியும் பெருமை பேசாதவள், அதைப் பற்றி மட்டும் வாய் ஓயமாட்டாள். வருடக் கடைசியில் அலுவலகத்துக்கே போய், "கோடு போட்டாச்சா சார்? கொஞ்சம் காட்டுங்க," என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவாள். வீட்டில் சண்டை வந்தாலும் அதுதான் ஆயுதம்.

"இத்தனை வருஷத்துல என் கோடு ஒண்ணாவது கோணியிருக்கா? உங்க காலரைப் பாருங்க, கிழக்க ஒண்ணு மேற்க ஒண்ணு."

அப்பா ஊசியில் நூல் கோத்தபடியே சொல்வார்: "காலர் சரியாத்தான் இருக்கு. போட்டிருக்கிறவன் கழுத்துதான் கோணல்."

இருபத்திரண்டாவது வருடம் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் விடுப்பு எடுத்து வந்தேன். தண்ணீர் இறைக்கும் பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் நான் பொறியாளர். ஓட்டமில்லாத படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டாம் என்று கரையேற்றி, மரக்கட்டைகள்மேல் நிறுத்தி, தார்ப்பாயால் மூடினேன். கோடைக்காலம் முழுக்க, நான்கு மாதம், அது அப்படியே நின்றது.

இவ்வளவு நாள் ஓடாத படகு மறுபடி பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் ஆய்வாளர் வந்து ஓட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். மாதக் கடைசிக்குள் சான்று வரவில்லையென்றால் அந்தத் தடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பன்னிரண்டு நாள் இருந்தது. டாக்டர் அம்மாவை உட்கார்ந்து வர மட்டும் அனுமதித்திருந்தார். இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள அப்பா ஒரு தலையணை தைத்துக் கொடுத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். வேகம் எடுத்த அரை நிமிடத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"சாயுது."

"இல்லம்மா. நீ ரொம்ப நாள் கழிச்சு ஏறியிருக்கே, அதான் அப்படித் தெரியுது."

"நெஞ்சைத்தான் தைச்சிருக்காங்க. கண்ணைத் தைக்கல."

செல்போனில் கோணம் பார்த்தேன். வலப்பக்கம் ஐந்து டிகிரி. முழுச் சுமையோடு திருப்பத்தில் அது இன்னும் கூடும். எந்த ஆய்வாளரும் இதற்குச் சான்று தரமாட்டார்.

துறையில் கயிறு பிடிக்கும் பெரியவரை எல்லோரும் கயிறு மாமா என்பார்கள். அவரும் சேர்ந்துகொண்டார். மூன்று நாள் தேடினோம்.

முதலில், படகு நிற்கும்போது பார்த்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை இரண்டு விளிம்புக்கும் குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம். மெதுவாகப் போனாலும் சாய்வில்லை. வேகத்தில் மட்டும்தான். அப்படியென்றால் எடை காரணமில்லை. டேங்க், பேட்டரி, அடியில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்தேன்.

"நிக்கும்போதே சாஞ்சா வயித்துல கோளாறு," என்றாள் அம்மா. "ஓடும்போது மட்டும் சாஞ்சா காலுல கோளாறு."

அடுத்தது காற்று. இந்த மாதிரிப் படகு பக்கக் காற்றில் காற்று வரும் பக்கமே சாயும். காற்று படகின் மூக்கைத் தள்ளும். ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பார். படகு அந்தத் திருப்பத்துக்குச் சாயும். போகும்போதும் வரும்போதும் பார்த்தோம். காற்று பக்கம் மாறியது, சாய்வு மாறவில்லை. புரொப்பல்லர் சுழலும் விசை படகை ஒரு பக்கம் முறுக்கலாம். பழைய புரொப்பல்லரை மாட்டிப் பார்த்தோம். அதே ஐந்து டிகிரி. கடைசியாக ஆட்களை மாற்றி உட்காரவைத்தோம். ஆட்கள் என்றால் கயிறு மாமா.

"அண்ணே, இடது பக்கம் போங்க. இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், அசையாதீங்க," என்றாள் அம்மா.

"ஏன் தங்கச்சி, என்னை சிமெண்ட் மூட்டைன்னு நினைச்சியா?"

"மூட்டையா இருந்தா பேசாம இருக்கும்ண்ணே."

அவர் எண்பது கிலோ. அவரை வைத்து ஒரு டிகிரிதான் குறைந்தது. நான் காகிதத்தில் கணக்குப் போட்டு, இடப்பக்கம் மணல் மூட்டைகளைக் கட்டிவிட்டால் ஆய்வைத் தாண்டிவிடலாம் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது சரி பண்றது இல்ல, வாயை அடைக்கிறது. அப்புறம் துறையில நிக்கும்போது இடது பக்கம் சாயும். அதுக்கு வலது பக்கம் ஒரு மூட்டையா? இதுக்குத்தான் நாலு வருஷம் ஹாஸ்டல்ல வச்சுப் படிக்க வச்சோமா?"

நான்காம் நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"நாம எல்லாரும் வலது பக்கத்தையே பாத்துட்டு இருக்கோம். வலது பக்கம் அமுங்குதா, இடது பக்கம் தூக்குதா?"

மூன்று நாளாக எண்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

படகை மறுபடி கரையேற்றினோம். அவளால் குனிய முடியாது. முக்காலி போட்டு உட்கார்ந்து, இடப்பக்க அடிப்பாகத்தை முன்னிருந்து பின்னாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தாள். எஞ்சின் மாட்டிய பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் கை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"கிடைச்சுடுச்சு. பள்ளம்," என்றாள். உடனே, கேட்காமலே: "மண்திட்டுல ஏத்தியிருப்பேன். போன வருஷமா இருக்கும்."

நேரான அலுமினியப் பட்டையை நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பின்பலகை விறைப்பானது, அது வளையவில்லை. அதற்கு முன்னால் மட்டும் பள்ளம் விழுந்ததால், கடைசிப் பகுதி கீழ்நோக்கித் திரும்பிய நாக்கு மாதிரி ஆகிவிட்டது. வேகமாகப் போகும்போது அங்கே முட்டும் தண்ணீர் இடப்பக்கப் பின்புறத்தைத் தூக்கும். படகு வலப்பக்கம் சாயும். வலப்பக்கத்தில் எந்தக் குற்றமும் இல்லை.

அம்மா மாத்திரை போட உள்ளே போனதும் பள்ளத்தை அளந்தேன். ஒன்பது அங்குலம், நான்கு அங்குலம். நான்கு மூலையும் செங்கோணம்.

மண்திட்டு செங்கோணத்தில் இடிக்காது.

நான் வைத்த கட்டை ஒன்பதுக்கு நான்கு. பின்புறத்தில் வலப்பக்கம் இரண்டு வைத்தேன். இடப்பக்கம் ஒன்றுதான் கிடைத்தது. ஒன்று போதும் என்று நினைத்தேன். எவ்வளவு எடை என்று கணக்குப் போட்ட நான், அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்று கணக்குப் போடவில்லை. நான்கு மாத வெயிலில் இளகிய ஃபைபரில், எஞ்சின் பக்கத்து எடையில் இடப்பாதி முழுவதும் அந்த ஒரு கட்டைமேல். முதலாண்டு மாணவனும் செய்யாத தப்பு.

அன்று ஒன்றும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளத்தைச் சுரண்டி, ஃபைபர் துணியும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்து நிரப்பி, காயவிட்டுத் தேய்த்தேன். அவள் தலையணையோடு பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிச் சொன்னாள்: "இன்னும் மேடு. இன்னும். அங்க இல்லடி, விரலுக்கு இந்தப் பக்கம்." என் பட்டை அரை மில்லிமீட்டர் காட்டியபோது அவள் கையும் போதும் என்றது.

ஆய்வு நாளில் நான்தான் ஓட்டினேன். படகு மேசைபோல மட்டமாகப் போனது. ஆய்வாளர் தன் கருவியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். துறைக்கு வந்ததும் படிவத்தை எடுத்தார். நீர்மட்டத்துக்குக் கீழே பழுது பார்த்தால் காரணம் எழுத வேண்டும்.

"அடியில என்ன ஆச்சு, கேப்டனம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"மண்திட்டுல ஏத்திட்டேன் சார். என் கவனக்குறைவுதான்."

அவர் பேனா நின்றது. "நீங்களா?"

"நானேதான். எழுதிக்கோங்க."

"உங்க தாள்ல ஏறிடும்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

எழுதினார். நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகுதான் சொன்னேன்.

"அம்மா, அது நான் வச்ச கட்டை."

"தெரியும். தொட்டதுமே தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"கட்டைன்னா, யார் வச்சதுன்னு கேப்பாரு. எந்தப் பொறியாளரம்மா வச்சதுன்னு கேட்டு இந்தத் துறையே சிரிக்கும். கயிறு அண்ணன் ஒருத்தர் போதும், சாகுற வரைக்கும் சொல்லுவாரு."

"உன் கோடு போச்சேம்மா."

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, என் படகை மழைல வெயில்ல விடாம ஏத்தி வச்சிருக்கே. அதுக்கு எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். "நான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்."

அடுத்த மாதமே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். டாக்டரிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் ஓட்டினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டு, அப்பா கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்.

இருபது நாள் கழித்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தினார்.

"போய்ச் சொல்லிட்டு வா."

"வேணாம்னு சொன்னாளேப்பா."

"இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னா," என்றார்.

அலுவலகத்தில் ஆய்வாளர் தாளை எடுத்து வைத்தார். கோடு, கோடு, கோடு. கடைசியில் ஒரு வரி: மண்திட்டில் ஏறியது, ஓட்டுநர் கவனக்குறைவு. என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்த வரியை அடிக்க முடியாதும்மா. சொன்னவங்களே வந்து கையெழுத்துப் போடணும்."

நான் தலையாட்டினேன். ஆனாலும் எழவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க தடத்துல மண்திட்டே கிடையாது. அன்னைக்கே எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொல்லாதவங்க, முதல் தடவையா சொல்றாங்க. என்னன்னு கேக்கத் தோணல. எழுதிக்கிட்டேன்."

பிறகு என் கடிதத்தைத் தாளின் பின்னால் வைத்துக் குத்தினார். வரி இருக்கும், பக்கத்தில் இதுவும் இருக்கும் என்றார். ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தி, "காரணத்துக்குப் படம் ஒண்ணு வேணும்," என்றார்.

வரைந்தேன். படகின் அடிப்பாகம், பின்பலகை, இடப்பக்கம் ஒரே ஒரு கட்டை.

"அளவு போடலையே."

போட்டேன். ஒன்பது அங்குலம், நான்கு அங்குலம், ஆழம் ஆறு மில்லிமீட்டர். கீழே, கட்டையை வைத்தவர் என்று எழுதி, என் பெயரை எழுதினேன்.