பாபநாசத்தில் கொதிக்கும் ஆரஞ்சு

மார்கழி மாலை. டயர் பஞ்சராகிப் பேருந்து பாபநாசத்தைத் தாண்டி நிற்கிறது. சம்பா வயல்களின் மேல் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. குளிருக்கு ஒதுங்கிய டீக்கடையில் ஆரஞ்சு வாசனை அடிக்கிறது.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டியில் கொதிக்கும் ஆரஞ்சுச் சாற்றில் ஆப்பிள் துண்டுகள், பட்டை, கிராம்பு போட்டு ஒரு கரண்டி தேன் விடுகிறார். அடுப்பைக் குறைத்துவிட்டு, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு குவார்ட்டர் விஸ்கியை எடுத்து முழுவதையும் கவிழ்க்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. டீக்கடையில், அதுவும் சாலையைப் பார்த்தபடி.

ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அக்கா, எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்குமா?"

"விக்கிறதுக்கு இல்லீங்க. இன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குத் திதி. படையல்ல வைக்கணும். ஊட்டியில பார்ல வேலை பார்த்தாரு. குளிர்னா இதைத்தான் போட்டுக் குடிப்பாரு."

"எப்படித் தவறினாரு?"

"இதாலதாங்க. ஈரல் போயிடுச்சு."

சுவரில், மாலை போட்ட படத்தில் அவர் சிரிக்கிறார். படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்று தெரியும். ஏதாவது பேச வேண்டுமே என்று, "ருசி பார்க்காம பதம் எப்படிக்கா தெரியும்?" என்கிறேன்.

"இருபது வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். தெரியாதா?"

சட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுக்கிறார்.

"அந்த வாசம் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது குவார்ட்டரைத் திறக்கிறார்.