கூப்பிட்டால் சொல்லலாம்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு கல்லுளிமங்கனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து காட்டுவார். வாயிலிருந்து ஓர் 'ஆமாம்' வராது. கல்யாணமான புதிதில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே முடிவெடுக்கவும் பழகிக்கொண்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அவருக்கு ஒரு கால்பந்துக் கிளப்பில் மசாஜ் வேலை. பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், கூரை சாய்ந்து இறங்கும் ஓர் அறை. நடுவில் ரெக்சின் கிழிந்த நீள மேஜை, சுவரோரம் துணிக்கட்டுகளும் பிளாஸ்திரிச் சுருள்களும் அடுக்கிய அலமாரி, தலை இடிக்கும் இடத்தில் அவரே ஒட்டிவைத்த பஞ்சு. அந்த அறையின் தைல வாசனை அவர் சட்டைக்கு ஏறி, சட்டையிலிருந்து எனக்கும் ஏறிவிட்டது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் "அக்கா, உங்களுக்கு மூட்டு வலியா?" என்று கேட்காத ஆளில்லை.

விளையாட்டுக்காரர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, கெண்டைக்கால்தான் நிற்கும். ஒருமுறை கடைத்தெருவில் ஒருவன் எதிரே வந்து சிரித்தான். இவர் திருதிருவென்று விழித்தார். அவன் தாண்டிப் போன பிறகு திரும்பிக் காலைப் பார்த்து, "இடது காலு, தசை கிழிஞ்சவன்" என்றார். அந்த மேஜையில் குப்புறப் படுத்ததும் எல்லாரும் மனசில் கிடப்பதைக் கொட்டிவிடுவார்களாம். இவரிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல். அதனாலேயே கிளப்பில் அவருக்கு நல்ல பேர்.

அவர்களில் ஒருவன் மட்டும் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து பழகினான். கோல்கீப்பர். உயரத்தால் எல்லாருக்கும் அவன் நெட்டை, எனக்கு நெட்டைத் தம்பி. கதவுநிலையில் குனிந்து வருவான், "அண்ணி, பசிக்குது" என்பான், சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைப்பான். எங்கள் வீட்டில் பல்பு போனால் ஸ்டூல் தேடிய காலம் போய், நெட்டை வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருக்கும் காலம் வந்தது. என் மகள் அவனை 'ஏணி மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மதியம் மூன்று மணி இருக்கும், அவன் வலது கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றான். பயிற்சியில் பந்தைத் தட்டப் போய்க் கை கோல் கம்பத்தில் மோதியிருந்தது. மோதிர விரல் வீங்கிக் கறுத்திருந்தது. இவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விரிசல்" என்றார்.

கிளப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. அடி பட்டால் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் பார்க்காமல் யாரும் கட்டுப் போடக் கூடாது. மீறினால் வேலை போகும். நெட்டைக்கு அந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. டாக்டரிடம் போனால் உட்காரவைத்துவிடுவார்கள், கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்தவனுக்குப் புது ஒப்பந்தம் யார் கொடுப்பார்கள்? "ஒரே ஒரு ஆட்டம் அண்ணே" என்று கெஞ்சினான். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, இவர் பல்லால் கிழித்துக் கிழித்து ஒட்டினார். ஆட்டத்தன்று தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் கட்டிவிட்டார். அதன்மேல் கையுறை போட்டுக்கொண்டு நெட்டை ஆட இறங்கினான்.

முக்கால்வாசி ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பந்து வந்தது. என் மகள் உதைத்திருந்தால்கூட அதைவிட வேகமாக வந்திருக்கும். நெட்டை இரண்டு கையாலும் பிடித்தான். வலது கை விட்டுக்கொடுத்தது, பந்து நழுவி உள்ளே உருண்டது. கோப்பையும் போயிற்று.

பத்து நாள் கழித்துக் கிளப்புக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு போட்டோ. நெட்டை ஒரு காரில் ஏறுகிறான், ஓட்டுபவன் முகம் தெரியவில்லை. அந்த ஆள் பழைய கார் விற்கிறவன், ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான் என்று நெட்டை சொன்னான். அந்த ஆளைத் தேடினால் ஊரைவிட்டுப் போயிருந்தான். விசாரணை முடியும்வரை நெட்டை மைதானத்துக்குள் வரக் கூடாது என்று கிளப் அறிவித்தது. மூன்று பேர் கொண்ட குழு ஒன்றும் போட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "போய் சொல்லிடவா?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது. அவராக வாயைத் திறந்து என்னிடம் ஒரு யோசனை கேட்டது ஆயுசுக்கும் அந்த ஒரு தடவைதான். எனக்கு என்ன தோன்றியது? அவருக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் பாக்கி. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். விதியை மீறினார் என்று வெளியே அனுப்பிவிட்டால் அந்த வயசில் இந்த மனுஷனை யார் வேலைக்கு வைப்பார்கள்?

"அவங்க கூப்பிட்டுக் கேட்டா சொல்லுங்க. நீங்களா போய் வாயைக் கொடுக்காதீங்க. தப்பு பண்ணாதவன், தானா வெளியே வந்துடுவான்" என்றேன்.

இவர் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

குழு கிளப்பின் மாடியறையில் மூன்று நாள் உட்கார்ந்தது. பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள், கேப்டனைக் கூப்பிட்டார்கள், டாக்டரைக் கூப்பிட்டார்கள். புல் வெட்டுகிறவரைக்கூடக் கூப்பிட்டார்கள். இவர் கீழே தன் அறையில் துணிக்கட்டுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டே காத்திருந்தாராம். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாராம். மசாஜ்காரனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ, நினைப்பே வரவில்லையோ, யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கூப்பிடலை" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அன்றைக்கு இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வருகிறவர்கள் இருமல் மருந்து வாங்கும்போதுகூட அதைத்தான் பேசினார்கள். ஏதோ இருக்கப்போய்த்தானே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். நிறுத்தி வைத்ததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும், இன்னும் ஒன்றும் தெரியாத நிலையில் ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடலாமா என்று கேட்டார். மற்றவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். சந்தேகம் தீரும்வரை வெளியே நிற்கட்டுமே, என்ன குறைந்துவிடும் என்றார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே? உன் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கார்?" என்றார். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரியே ஒன்று அப்போது என் கையில் இருந்தது, யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"விசாரணை முடியட்டுமே" என்றேன்.

என்ன குறைந்துவிடும் என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் தெரியும் எனக்கு. ஒரு கணக்கு வாத்தியாரை இரண்டு வருஷம் வெளியே நிறுத்தினால் திரும்பி வந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பார், கூட்டலும் கழித்தலும் எங்கும் ஓடிப்போகாது. கோல்கீப்பருக்குக் கிடைப்பதே ஏழெட்டு வருஷம். அதில் இரண்டைப் பிடுங்கிவிட்டு, உன்மேல் குற்றமில்லை போ என்றால் அவன் எங்கே போவான்? அதையாவது ஒழுங்காகச் சொன்னார்களா? இரண்டு வருஷம் கழித்து, 'போதிய ஆதாரம் இல்லை' என்று முடித்தார்கள். பத்திரிகையில் நகத்தளவுக்கு வந்தது, கடிதம் வந்தபோது அரைப் பக்கம் போட்டவர்கள்தான். கிளப்பில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மற்ற கிளப்புகள் நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிட்டன. அவனுக்குத் தடை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை யாரிடம் போய் நீக்கச் சொல்வது?

நெட்டை எங்கள் வீட்டுக்கு வருவது எப்போதோ நின்றிருந்தது. தன் பூட்ஸை வாங்கிக்கொள்ள ஒரு நாள் கிளப்புக்கு வந்தானாம். காவலாளி உள்ளே விடவில்லை. அதே காவலாளிதான் ஒரு காலத்தில் அவனிடம் பேரனுக்குக் கையெழுத்து வாங்கினவர். இவர்தான் பூட்ஸை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் கொடுத்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "விரல் எப்படின்னு கேட்டேன்" என்றார். அவன் என்ன சொன்னான் என்றேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

பல்பு போனால் நான் மறுபடியும் ஸ்டூல் போட்டு ஏற ஆரம்பித்தேன்.

மூன்று வருஷமும் ஓடிற்று. ஓய்வுபெற்ற மறுநாள் காலையில், இனிமேல் வேலை போகும் என்ற பயம் இல்லாத முதல் நாளில், இவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே என்று கேட்டேன். "கிளப்புக்கு. சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். நான் தடுக்கவில்லை. தடுக்க இனிமேல் என்ன காரணம் இருந்தது?

மதியம் திரும்பி வந்தவர் அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு, "இப்ப வந்து சொல்றீங்க. இதுக்கு என்ன ஆதாரம்?" என்றாராம். பிறகு மனசு கேட்காமலோ என்னவோ, பழைய விசாரணைக் கோப்பை எடுத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றும் போட்டோ ஒன்றில் நெட்டையின் விரலில் கட்டு தெரிந்திருக்கிறது. இது என்ன என்று குழு கேட்டது. விரலில் அடி, அதனால்தான் பந்து நழுவிற்று என்றிருக்கிறான். யார் கட்டிவிட்டது என்று கேட்டது. நானே கட்டிக்கொண்டேன் என்றிருக்கிறான். உடனே கிளப் டாக்டர் ஒரு பிளாஸ்திரிச் சுருளை அவன் முன்னால் வைத்து, அப்படியானால் இப்போது கட்டிக் காட்டு என்றாராம். வலது கை விரலை இடது கையால் மட்டும் அவ்வளவு நேர்த்தியாக எவனால் கட்ட முடியும்? பல்லால் கடித்து இழுத்துப் பார்த்திருக்கிறான். சுருண்டு ஒட்டிக்கொண்டது. மூன்று முறை முயன்றானாம். 'பொய் சொல்கிறார், இவர் சொல்லும் மற்ற எதையும் நம்புவதற்கில்லை' என்று குழு எழுதிவைத்துவிட்டது.

"நான் கீழேதான் இருந்தேன். பதினெட்டுப் படி" என்றார் இவர். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்த வாரமே நெட்டையைத் தேடிப் போனோம். நான்கு மாடிச் செருப்புக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தான். நாங்கள் போனபோது அத்தனை உயரமான ஆள் தரையில் முட்டி போட்டு, யாருடைய பாதத்தையோ அளந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. "அண்ணி, மெலிஞ்சிட்டீங்க" என்றான். பெஞ்சில் உட்காரச் சொன்னான், தண்ணீர் கொண்டுவந்தான்.

இவர் அந்த விசாரணைக் கோப்பில் இருந்ததைச் சொன்னார். ஏன் தன் பேரைச் சொல்லவில்லை என்றும் கேட்டார்.

"சொன்னா உங்க வேலை போயிருக்குமே அண்ணே" என்றான். பிறகு, "நீங்களா வருவீங்கன்னு நினைச்சேன். அந்த ரூம்ல கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கதான்னு நினைச்சேன். ஒரு தடவை டீ கொண்டுவந்தாங்க. ஒரு தடவை ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தாங்க" என்றான்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய மனைவியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வராது. நான்தான் வாயைத் திறந்தேன்.

"அவர் வரேன்னுதான் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன், தம்பி."

நெட்டை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "விடுங்க அண்ணி. பாப்பா படிப்பு முடிச்சிட்டாளா?" என்று கேட்டான். முடித்து வேலைக்குப் போகிறாள் என்றேன். நல்லது என்றான், மனசாரத்தான் சொன்னான்.

அதற்குள் ஒரு வாடிக்கையாளர், நடுத்தர வயசுக்காரர், மேல் தட்டில் இருந்த ஷூவைக் காட்டி ஒன்பதாம் நம்பர் கேட்டார். பக்கத்தில் ஏணி இருந்தது, நெட்டைக்கு அது தேவைப்படவில்லை. எட்டி வலது கையால் பெட்டியைப் பிடித்தான். மோதிர விரல் மடங்கவில்லை, விறைத்து ஒருபக்கம் சாய்ந்து நின்றது. பெட்டி கைக்குள் வந்தது, வந்து நழுவியது. அன்றைக்குப் பந்து நழுவிய அதே மாதிரி, அந்த விரல் பக்கமாகவே நழுவித் தரையில் விழுந்து திறந்துகொண்டது. ஒரு ஷூ உருண்டு என் காலடிக்கு வந்தது.

"பார்த்து எடுக்கக் கூடாதா?" என்றார் வாடிக்கையாளர்.

நெட்டை மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். அவனுக்கு முன்னால் இவர் எழுந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த முன்பின் தெரியாத மனுஷர் முன்னால் போய், பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவன்மேல தப்பில்லைங்க. அவனுக்கு விரல்ல விரிசல். நான்தான் கட்டுப் போட்டேன்" என்றார்.

அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி சரி, இருக்கட்டும். ஒன்பது இருக்கா, இல்லையா?" என்றார்.