நான் கடலில் விட்ட ஆமை

வாசகர்களே, நீங்களே சாட்சி. ஓர் உயிரை நான் பேசியே கொன்றேன்.

கடல்வாழ் உயிர்களைக் காப்பது குறித்த பேச்சுப்போட்டியில் வென்ற மறுநாள் காலை, நண்பர்களோடு புதுப்பட்டினம் கடற்கரைக்குச் சென்றேன். மீனவர் ஒருவர் தம் வலையில் சிக்கிய பங்குனி ஆமை என்னும் கடலாமையை விடுவித்து, அதன் பின்பக்கம் உயரும்படி மணலைக் குவித்து, ஈரச் சாக்கால் போர்த்திக்கொண்டிருந்தார். அது அசையவில்லை.

“உடனே கடலில் விடுங்கள்” என்றேன்.

“மயக்கமா கீது தம்பி. குடிச்ச தண்ணி வெளிய வந்து மூச்சு திரும்பணும். சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்.”

“கடலில் வாழும் உயிரைக் கரையில் கிடத்துவது எந்த நீதி?”

நண்பர்கள் கைதட்டினர். “இது இன்னா மேடையா?” என்று சிரித்தபடி அவர் வலையை மடிக்கத் திரும்பினார். நாங்கள் நால்வரும் ஆமையைத் தூக்கிச் சென்று ஆழத்தில் விட்டோம். அதன் இமை ஒருமுறை அசைந்தது. அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன். ஆமை நீந்தவில்லை, கல்லைப் போல அமிழ்ந்தது.

அவர் ஓடிவந்து, நெடுநேரம் துழாவி, அதை இழுத்துக் கரையில் போட்டார்.

“செத்துப்போச்சு. மீனுன்னு நெனச்சியா நைனா? இதுக்கு செவுளா கீது? நம்மள மாதிரி காத்து இழுக்கற உசுரு.”

ஆமை ஊர்வன இனம், நுரையீரலால் சுவாசிப்பது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். நண்பர்கள் முன்னிலையிலேயே அவரிடம் உரக்கச் சொன்னேன்: “அண்ணா, இனி ஆமை சிக்கினால் என்னைக் கூப்பிடுங்கள். வாய் திறக்க மாட்டேன். அது மூச்சுவிடும் வரை சாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.”