அப்பா சொன்ன பிக் அப்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஸ் ஓட்டும் வேலைக்கு எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். பத்தொன்பது வயதில் தனியாகப் பரீட்சைக்கு எழுதிப் போட்டேன். இங்கிலீஷ்தான் பயம். பழைய கைடு ஒன்றை வைத்துக்கொண்டு, தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு வாசலில் கத்திக் கத்திப் படிப்பேன்.

பிக் அப் என்றால் கீழே கிடப்பதை எடுப்பது. ஒருவரை வண்டியில் போய் அழைத்து வருவது. கேட்டுக் கேட்டே ஒரு பாஷை பழகுவது. உடம்பு தேறுவது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை லாரி ஓட்டிய அப்பா சாப்பிட்டபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்புடா. பிக்கப்புன்னா லோடு வண்டி மேட்டுல மூச்சு வாங்காம இழுக்கறது. அத உட்டுட்டு இன்னாத்தையோ எழுதி வெச்சிகினு இருக்கான்."

"புக்குல அது இல்லப்பா."

"புக்கு எழுதனவன் வெள்ளிமல ஏறியிருக்க மாட்டான்."

அதுதான் எங்கள் கடைசிச் சண்டை. அந்த வாரமே நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த நான்காம் நாள் இங்கிலீஷ் பரீட்சை. அடுத்த வருஷம் எழுதலாம் என்றாள் அம்மா. இதையும் விட்டுவிட்டால் இனி எதையும் முடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சைக்கிளை எடுத்தேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டு எங்கள் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களை மட்டும் விட்டார்கள். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் ஒருவர் கிளையை ஒதுக்கினார்.

"போப்பா, போ. எந்த ஊர்ல காரியம்?"

ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போயிருக்கலாம். அப்பாவின் சாவை டிக்கெட் மாதிரி நீட்ட மனசு வரவில்லை.

"காரியம் முடிஞ்சிடுச்சி மாமா. பரீட்சைக்குப் போறேன். எட்டாவது."

சிரித்தார்கள்.

"மீசை மொளச்சி எட்டாவதாடா? எங்க, ஒரு இங்கிலீசு சொல்லு பாப்போம்" என்றான் என் வயதுக்காரன் ஒருவன்.

கைடில் இருந்த நாலு பிக் அப்பையும் சொன்னேன். கடைசியில் அப்பா சொன்னதையும் சொன்னேன்.

"அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? லாரி பிக்கப்பு!" என்றான் அவன்.

"வழிய உடுங்கய்யா" என்றார் மாமா. "புள்ளைங்க படிக்கணும்னுதான இங்க வெயில்ல கெடக்கறோம்."

இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது.

"தள்ளி வெச்சிட்டாங்களே, ரேடியோல சொன்னானே" என்றார் வாட்ச்மேன். சாவு விழுந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ போடவில்லை.

திரும்பி வந்தபோது, "இன்னாடா, அதுக்குள்ள பாசா?" என்று கேட்டான் அதே ஆள். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சைக்கிளை மறுபடி இந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.

"எப்போ வெச்சாலும் போவேன் மாமா" என்றேன்.

போனேன். அப்போது தலையில் முடி முளைத்திருந்தது. பிக் அப்பை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிக் கேள்வி வந்தது. கைடில் இருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதை எழுதவில்லை. லோடோடு மலை ஏறும் அப்பாவின் லாரியை எழுதினேன். கண் மறைத்தது. தாள் நனையாமல் துடைத்துக்கொண்டேன். திருத்துகிறவர் வெள்ளிமலை ஏறியிருப்பாரோ, மாட்டாரோ. தப்பு போட்டால் மறுபடி வந்து எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு அடுத்த கேள்வியைப் படித்தேன்.