வழிமாறிய பால் லாரி

கிழக்கு லிதுவேனியாவில், ஏரிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பண்ணைகளில் பால் சேகரிக்கும் லாரியை டோனாட்டஸ் ஓட்டிவந்தான். ஆள் வாயாடி. எந்தப் பண்ணையில் நிறுத்தினாலும் யாரையாவது வம்புக்கு இழுக்காமல் கிளம்பமாட்டான். அவனுடைய சிநேகிதன் வீட்டெனிஸ் நேர் எதிர். மர ஆலையில் வேலை, அளந்துதான் பேசுவான். இளவயதிலிருந்தே சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் நீராவிக் குளியலுக்குப் போவார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் வீட்டெனிஸ் வருவதை நிறுத்திக்கொண்டான். மனைவி பிரிந்து நார்வேக்குப் போயிருந்தாள். அடுத்து ஆலையிலும் அவனை நிறுத்திவிட்டார்கள். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னடா?" என்பான்.

"நீ இல்லாட்டி உன் பங்கு பீரையும் நானே குடிப்பேன், போடா" என்று டோனாட்டஸ் சிரித்து மழுப்பிவிடுவான்.

நவம்பரில் ஒரு நாள் காலை வீட்டெனிஸ் அவன் வாசலில் வந்து நின்றான். மழித்த முகம், சலவைச் சட்டை. கைநிறைய தூண்டில்கள்.

"இந்தா, வச்சுக்கோ."

"ஒரு முள்ளைக்கூட இரவல் தரமாட்டியே! புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"ஏரி உறையப்போகுதில்ல, பனியில துளை போட்டு மீன் பிடிக்கலாம். உனக்காவது உதவட்டும்."

சிரித்தபடி சொல்லிவிட்டு டோனாட்டஸை இறுகக் கட்டிக்கொண்டான். ஒருநாளும் அப்படிச் செய்தவனில்லை. 'பய தேறிட்டான்' என்று நினைத்துக்கொண்டு டோனாட்டஸ் லாரியைக் கிளப்பினான். ஆனாலும் ஏதோ ஒன்று நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது.

வழக்கமாகப் பால் எடுக்கும் எல்வீரா அக்காவின் பண்ணையில் நிறுத்தியபோது தொழுவத்துக்கு வெளியே ஒரு நாய் கட்டிக் கிடந்தது. வீட்டெனிஸின் நாய்.

"இது ஏன் இங்க இருக்கு, அக்கா?"

"நேத்து வந்து விட்டுட்டுப் போனான், தம்பி. தூரமாப் போறேன், நல்லாப் பாத்துக்கன்னான். முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு!"

அந்த நாயை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காதவன் எங்கே போகப்போகிறான்? அந்தத் தெளிவுதான் இப்போது டோனாட்டஸைப் பயமுறுத்தியது. பால் எடுக்காமலே லாரியைத் திருப்பினான். ஏரிச் சாலையில் மூடுபனி இறங்கியிருந்தது. நண்பனுக்கு ஃபோன் போட்டான்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வீட்டெனிஸ் வீட்டுக் கதவு தாழிடாமல் இருந்தது. கழுவிய தரை இன்னும் ஈரம் காயவில்லை. துடைத்துவைத்த மேசையில் ஒரு கோப்பைகூட இல்லை. வீட்டெனிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"பால் என்னடா ஆச்சு?" என்றான்.

"பால் கிடக்கட்டும்." டோனாட்டஸ் கதவருகிலேயே நின்றான். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு கேட்டேவிட்டான். "வீட்டெனிஸ், சாகலாம்னு நினைக்கிறியா?"

வீட்டெனிஸின் தோள்கள் குலுங்கின.

"ஆமாண்டா. ரொம்ப அசதியா இருக்கு."

டோனாட்டஸ் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவனைப் பேசவிட்டான். அழுகை ஓய்ந்தபின், வேட்டைத் துப்பாக்கி இருந்த அலமாரியின் சாவியைக் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு இதுக்கு வைத்தியம் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டப் போலாம். கோட்டை எடுத்து மாட்டிக்கோ."

"பைத்தியம்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் பல்லை நான் பாத்துக்கறேன். நீ ஏறு."

மாவட்ட மருத்துவமனை வாசலில் பால் லாரி நின்றது. பால் எங்கே என்று முதலாளி ஃபோனில் கத்தினார். டோனாட்டஸ் ஃபோனை அணைத்தான். டாக்டர் வந்து நண்பனை உள்ளே அழைத்துப்போகும்வரை அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அங்கே சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரம் பார்க்கப் போனபோது வீட்டெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உன்னை யார்றா கூப்பிட்டது?" என்று சீறினான். டோனாட்டஸ் முகம் தொங்கத் திரும்பினான். அடுத்த வாரமும் போனான்.

குளிர்காலத்தின் நடுவே வீட்டெனிஸ் வீடு திரும்பினான். மாத்திரையும் டாக்டரிடம் பேச்சும் தொடர்ந்தன. நன்றாக இருந்த நாட்களும் உண்டு, படுக்கையைவிட்டு எழாத நாட்களும் உண்டு. 'பரவாயில்ல' என்று அவன் சொன்னால் டோனாட்டஸ் அதோடு விடாமல் இன்னொரு முறை கேட்டான்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வீட்டெனிஸ்.

"இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்குடா. வர்றியா?"

டோனாட்டஸ் லாரியை ஓரங்கட்டினான். வீட்டெனிஸ் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வந்துட்டே இருக்கேன்" என்றான். "ஃபோனை வச்சுடாதே, பேசிட்டே இரு."