மூன்றாவது சதுரம்

எங்கள் குளத்தில் ஆற்றுவாழை மண்டிய வருடம் நான் ஐந்தாம் ஆண்டில் படித்தேன். ஊதாப் பூப் பூத்துக்கொண்டே அந்த மிதக்கும் களை மதகை அடைத்தது. இறக்காமத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது நின்றது. வாப்பாவும் மாமாவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார்கள். சில நாட்களில் அது திரும்பி வந்திருக்கும்.

அப்போதுதான் கல்முனையிலிருந்து மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு மேல் பட்டம் படிக்கிறவர். குளத்தின் ஓரத்தில் மூங்கிலால் மூன்று சதுரங்கள் கட்டி மிதக்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆற்றுவாழையை அடைத்து, மேலே வலை போட்டார். முதலாவதில், சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்த சின்ன வண்டுகளை விட்டார். இரண்டாவதுக்குக் களைநாசினி அடித்தார். மூன்றாவதுக்கு எதுவும் செய்யவில்லை.

“நாங்க பூச்சியக் கொல்ல மருந்தடிக்கிறம். இவ பூச்சியக் கொண்டுவந்து மேய விடுறாவே” என்று மாமா சிரித்தார்.

“மேயட்டும் காக்கா. இந்த மூண்டையும் எங்கட பெரிய சேருக்குக் காட்டினாத்தான் எனக்குப் பட்டம்” என்றார் மிஸ், எங்கள் ஊர் வழக்கப்படி மாமாவை அண்ணன் முறை வைத்து.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதை யாரையும் மறக்க விட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வண்டு கடித்த இலைகளை எண்ணிக் கொப்பியில் எழுதும் வேலையை மிஸ் எனக்குத் தந்தார். மூன்றாவது சதுரத்துக்கு என்ன செய்வது என்று வாப்பா கேட்டார். “அதுக்கு ஒண்டும் தேவையில்ல காக்கா. அப்படியே கிடக்கட்டும்” என்றார் மிஸ்.

எங்கள் ஊரில் விருந்தாளி ‘ஒண்டும் தேவையில்ல’ என்று சொன்னால் உம்மா உடனே அடுப்பில் தண்ணீர் வைப்பார். தேநீரே வேண்டாம் என்பவருக்கு வட்டிலப்பமும் சேர்ந்து வரும்.

மாதங்கள் போயின. வண்டுச் சதுரம் மெல்ல மெல்லப் பழுப்பேறித் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மருந்துச் சதுரம் பத்து நாளில் கருகி, பிறகு ஓரத்தில் துளிர்த்தது. மூன்றாவது மட்டும் வலையை முட்டிக்கொண்டு காடாய் நின்றது.

மிஸ்ஸின் பேராசிரியரான பெரிய சேர் வருவதற்கு முந்திய நாள் உம்மா குளக்கரைக்கு வந்து பார்த்தார்.

“பெரிய மனிசர் வாற நேரம் இந்தக் காட்டையா காட்டப் போறீங்க? அந்தப் புள்ளைக்குத்தானே வெக்கம்.”

“மிஸ் தேவையில்ல எண்டு சொன்னாவே” என்றார் மாமா.

“அவ மரியாதைக்குச் சொன்ன. நமக்குத் தெரிய வேணாமா?”

வாப்பா என்னைப் பார்த்தார். படித்தவர்களின் பேச்சு எனக்குத்தான் விளங்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

“என்ன மகள், என்ன செய்வம்?”

“அள்ளுவம் வாப்பா” என்றேன்.

அஸர் தொழுகை நேரம் வரைக்கும் அள்ளினோம். மூங்கிலுக்குள் வானம் தெரிந்தது.

மறுநாள் பெரிய சேர் கொப்பியை விரித்தபடி, “மூன்றாவது எங்கே?” என்று கேட்டார். வாப்பாவை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன்:

“துப்பரவாக்கிட்டம் சேர். ஒரு இலை கூட விடல்ல.”

இன்று நானும் களைகளைத்தான் ஆராய்கிறேன். வண்டு எவ்வளவு தின்றது, மருந்து எவ்வளவு கருக்கியது என்று சொல்ல, யாரும் தொடாத ஒரு சதுரம் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மற்ற இரண்டும் வெறும் செத்த இலைதான். அன்று நாங்கள் கரையில் குவித்து வைத்திருந்தது மிஸ்ஸின் அத்தனை மாத உழைப்பு.

சேர் வாய் திறக்குமுன் மிஸ் அவரிடம் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு, கீறிக் கிடந்த வாப்பாவின் கைகளைப் பார்த்து, “எவ்வளவு மினக்கெட்டிருக்கீங்க காக்கா. நல்ல வடிவா இருக்கு” என்றார். உம்மாவின் சோற்றை மறுபடி கேட்டுப் போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தனியாகக் குளக்கட்டுக்குப் போய், குவியலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“கறி உறைச்சிட்டுப் போல” என்று உம்மா கவலைப்பட்டார்.

“ஓம், கொஞ்சம்” என்றார் மிஸ்.

அடுத்த போகத்துக்கும் அவர் வந்தார். புது மூங்கில், புது வலை, இன்னொரு பெட்டி வண்டு. எங்கள் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.