முதலாளியம்மாவின் பெயர்

இன்று வெலிமடை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போனில் ஒரு நகைச்சுவைத் தொடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். நாங்கள் எடுத்து இணையத்தில் போட்ட தொடர்.

“இது நாங்க எடுத்ததுங்க,” என்றேன்.

“சும்மா இருங்க தம்பி. நானும் தோட்டத்து ஆளுதான். நம்ம ஆளுகளுக்கு இப்பிடி நடிக்க வருமா? இது இந்தியாவுல எடுத்ததுங்க, இலங்கையில இல்ல.”

அதில் ஜவுளிக்கடை முதலாளியம்மாவாக வரும் மகேஸ்வரி அக்கா எனக்கு மறுபக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நடிக்க வருபவர்.

“இந்தா, இவங்கதான் அந்த முதலாளியம்மா.”

அவர் அக்காவின் ரப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

“நடிச்சவங்க பேரு போட்டிருக்கே, பாருங்க. சுவேதிகா. எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலங்க இந்தப் பேரு இருக்கு?”

தோட்டத்துப் பெயர்களைப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எல்லோருடைய பெயரையும் மாற்றியது நான்தான். ‘இயக்கம்’ என்ற இடத்தில் மட்டும் என் சொந்தப் பெயர் இருக்கிறது.

அக்கா வெளியே பார்த்தபடி, “அவரு கேக்குறது சரிதானே தம்பி,” என்றார்.

அந்த ஆளைத் திட்டத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். சொந்தப் பெயரில் வந்து சொல்லுங்கள்.